கிட்டப்பார்வை வந்த கதை



கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. காலம் தவறிச் செய்யும் காரியத்தைச் சுட்ட வந்த பழமொழி அது. ஆனால் பிள்ளைகளின் கண்களைப் பொறுத்தவரை அது சொல்லுக்குச் சொல் உண்மை என்பதை அறிவியல் இன்று காட்டியிருக்கிறது. பகல் வெளிச்சம் கண் கெடுவதற்கு முன்பே வேண்டும். இதைக் கண்டறிய மனிதனுக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில், கிட்டப்பார்வை என்றால் என்ன? கையிலிருக்கும் புத்தகம் தெளிவாகத் தெரியும். எதிரே இருக்கும் கரும்பலகை மங்கலாகத் தெரியும். இதுவே கிட்டப்பார்வை. நம் கண்விழி ஒரு சிறு பந்து போன்றது. பிள்ளை வளர வளர அதுவும் வளர்கிறது. முன்னிருந்து பின்னாக அது அளவுக்கு மீறி நீண்டுவிட்டால், வெளியிலிருந்து வரும் உருவம் விழித்திரையின்மேல் விழாமல் அதற்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே ஏறக்குறைய இரண்டரை பவர் கண்ணாடி தேவைப்படும். அப்படி நீண்ட விழி மீண்டும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை.

இந்தக் கணக்கை முதன்முதலில் விளக்கியவர் வானியல் அறிஞர் கெப்ளர். 1604-இல் வெளிவந்த தம் நூலில், உருவம் விழித்திரைக்கு முன்னால் விழுவதையும், நடுவில் குழிந்த கண்ணாடி அதைச் சரிசெய்வதையும் அவர் எடுத்துக் காட்டினார். ஆனால் விழி ஏன் நீள்கிறது? அந்தக் கேள்விக்கு விடை நெடுங்காலம் கிடைக்கவில்லை.

1860-களில், அன்றைய பிரஷ்யாவின் பிரெஸ்லாவ் நகரில் ஹெர்மன் கோன் என்ற கண் மருத்துவர் பள்ளி பள்ளியாக நடந்து 10,060 பிள்ளைகளைச் சோதித்தார். கிராமப் பள்ளிகளில் நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூடக் கிட்டப்பார்வை இல்லை. நகரத்து உயர்நிலைப் பள்ளிகளிலோ நூற்றுக்கு 26 பேருக்கு இருந்தது. வகுப்பு ஏற ஏறக் குறையும் ஏறியது. பள்ளி அறைகளின் மங்கல் வெளிச்சமும், பொருந்தாத மேசைகளும், குனிந்து படிக்கும் பழக்கமுமே காரணம் என்று அவர் வாதாடினார். பின்னர் வந்த சிலர் அதை மறுத்து, எல்லாம் பரம்பரை என்றார்கள்.

பரம்பரைக்குப் பங்கு உண்டு. பெற்றோர் இருவருக்கும் கிட்டப்பார்வை இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் அது முழு விடையன்று. 1969-இல் அலாஸ்காவின் பாரோ என்னும் ஊரில் வாழ்ந்த எஸ்கிமோ மக்களைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. வேட்டையாடி வாழ்ந்த மூத்த தலைமுறையில் கிட்டப்பார்வை மிக அரிது. பள்ளிக்குப் போன இளைய தலைமுறையிலோ பாதிப் பேருக்கு மேல் இருந்தது. ஒரே இரத்தம்தான், வாழ்க்கைதான் மாறியது.

நம் கதையையும் சற்று எண்ணிப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் முன்னோர் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கி, எதிர்க்கரையான செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். பிறகு பால்மரம் வந்தது. அதன் பிறகு செம்பனை வந்தது. பிள்ளைகள் பள்ளி விட்டதும் லயத்துக்கு முன்னாலும் திடலிலும் பொழுது சாயும்வரை ஓடினார்கள். தாய் தந்தையரோடு காட்டுக்குப் போய்க் கைகொடுத்தார்கள். அந்த வாழ்க்கையை நாம் புகழ வேண்டியதில்லை. வறுமையும் வேலையும் பிள்ளைப் பருவத்தைத் தின்ற காலம் அது. ஆயினும் பகல் வெளிச்சம் ஒன்று மட்டும் அவர்களுக்குத் தாராளமாகக் கிடைத்தது.

1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை தொடங்கியது. தோட்டக் குடும்பங்கள் பல ஆலை வேலையைத் தேடிப் பிறைக்கும் பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் நகர்ந்தன. பத்து காவான் தோட்டம் இருந்த மண்ணில் இன்று தொழிற்சாலைகளும் கடைத்தொகுதிகளும் நிற்கின்றன. அடுக்குமாடியில் வளரும் பிள்ளை பள்ளி, டியூஷன், கைப்பேசி என்று பகலெல்லாம் சுவர்களுக்குள்ளேயே இருக்கிறது. தோட்டத்தில் இருக்கும் பிள்ளைக்கும் கைப்பேசி வந்துவிட்டது.

வெளிச்சத்தின் பெருமையை உலகுக்கு எடுத்துக் காட்டியது 2008-இல் வெளிவந்த ஓர் ஒப்பீடு. சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும், ஆறேழு வயதுள்ள சீனப் பிள்ளைகளை அறிஞர்கள் ஒப்பிட்டார்கள். சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் மூன்றே பேருக்கு. சிட்னிப் பிள்ளைகள் வாரத்தில் ஏறக்குறைய 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரமே இருந்தார்கள். பின்னர்ச் சீனாவின் குவாங்சௌ நகரில், முதல் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்றாண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தோர் அந்தப் பள்ளிகளில் நூற்றுக்கு 30 பேர். மற்றப் பள்ளிகளில் ஏறக்குறைய 40 பேர். தைவான் 2010 முதல் தன் பள்ளிகளில், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வெளியில் என்பதையே இலக்காக வைத்தது.

வெளிச்சம் என்ன செய்கிறது? நல்ல வெளிச்சத்தில் விழித்திரை டோபமின் என்னும் பொருளைச் சுரக்கிறது. அது விழி அளவுக்கு மீறி நீளாமல் தடுக்கிறது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். இதற்காகச் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் பாழாகும். மரநிழலும் போதும், தொப்பியும் போடலாம். நிழலில்கூட வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு. ஒன்றை மறந்துவிடக் கூடாது: வெளிச்சம் பெரிதும் உதவுவது குறை தொடங்காமல் தடுப்பதில்தான். தொடங்கிய பிறகு அது மட்டும் போதாது.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். கோம்பாக் மாவட்டத்தில் 7 முதல் 15 வயது வரையிலான 4,600-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. ஏழு வயதில் நூற்றுக்கு 10 பேருக்கு இருந்த கிட்டப்பார்வை, பதினைந்து வயதில் நூற்றுக்கு 34 பேருக்கு இருந்தது. இந்தியப் பிள்ளைகளில் நூற்றுக்கு 16 பேருக்கு இருந்தது. நம்மை உறுத்த வேண்டிய செய்தி வேறொன்று: கண்ணாடி தேவைப்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் கண்ணாடியே இல்லை. கரும்பலகை தெரியாத பிள்ளையை மக்கு என்று எத்தனை பேர் ஏசியிருப்போம்!

கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும், ஆகவே குறைத்துப் போடுவோம் என்ற எண்ணமும் நம்மிடையே உண்டு. இதை நம் நாட்டிலேயே சோதித்தார்கள். 9 முதல் 14 வயது வரையிலான 94 பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சரியான பவரும், மறுபாதிக்குக் குறைந்த பவரும் கொடுத்தார்கள். 2002-இல் முடிவு வெளிவந்தது: குறைந்த பவர் போட்டவர்களின் கிட்டப்பார்வையே வேகமாக வளர்ந்தது. ஆகவே, சோதித்துச் சொன்ன பவரையே போடுவோம்.

தொடங்கிய குறையை மெதுவாக்கவும் இன்று வழிகள் உள்ளன. அட்ரோபின் என்னும் சொட்டு மருந்து அவற்றுள் ஒன்று. சிங்கப்பூரில் நடந்து 2006-இல் வெளிவந்த ஆய்வில் அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கண் கூசியது, நிறுத்தியதும் பவர் வேகமாக ஏறியது. பிறகு மருந்தின் அளவை வெகுவாகக் குறைத்து ஆராய்ந்தார்கள். இன்று அந்தக் குறைந்த அளவே பெரிதும் பயன்படுகிறது. கண் மருத்துவரின் மேற்பார்வையின்றி அதைத் தொடவே கூடாது. விழி நீள்வதைக் குறைக்கும் தனிவகைக் கண்ணாடிகளும் வந்துள்ளன; ஹாங்காங்கில் ஆராயப்பட்ட ஒருவகை, வளர்ச்சியை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. அவற்றின் விலை நம் குடும்பங்களுக்குச் சுமைதான்.

மெதுவாக்குவது எதற்கு, கண்ணாடிதான் இருக்கிறதே என்று கேட்கலாம். பவர் மிகவும் ஏறிய கண்ணில் விழித்திரை மெலிந்து கிழியவும் பெயரவும் கூடும். அந்தச் சேதத்தைக் கண்ணாடி தடுக்காது. ஜார்ஜ் டவுனிலுள்ள செயின்ட் நிக்கலஸ் இல்லம் 1926-இல் மலாக்காவில் தொடங்கிப் பின் பினாங்குக்கு வந்தது. பார்வையற்றோருக்கு அது செய்துவரும் பணி பெரிது. பார்வை இருக்கும்போதே அதைக் காப்பது நம் வீட்டுப் பணி.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும், தொலைக்காட்சிக்கு அருகே போய் உட்கார்ந்தாலும் கண்ணைச் சோதிக்க அழைத்துச் செல்லுங்கள். பள்ளிச் சுகாதாரக் குழு கொடுத்தனுப்பும் கடிதத்தைப் பெட்டியில் போட்டு மறந்துவிடாதீர்கள். கண்ணாடி போட்டால் பெண்ணுக்கு அழகு கெடும் என்று தள்ளிப் போடாதீர்கள். படிக்கும்போது புத்தகம் ஒரு முழத்துக்குக் குறையாமல் தள்ளி இருக்கட்டும். அரைமணிக்கு ஒருமுறை தலை நிமிரட்டும். பள்ளிக்குப் போகும் வயதுக்கு முன்பே தொடங்கி, நாள்தோறும் இரண்டு மணி நேரம் பிள்ளை வெளியில் விளையாடட்டும். அதற்குக் காசு வேண்டியதில்லை. நாளை மாலையே தொடங்கலாம்.