நாலாக்கரையும் பல்கலைக்கழகங்களும்

தில்லியில் பாராபுல்லா நாலா என்னும் வடிகாலின் கரையில், நிஜாமுத்தீன் ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. நாலா அடைபட்டு மழைக்காலத்தில் சுற்றுப்புறம் வெள்ளக்காடாவதைத் தடுக்கக் கரையைக் காலி செய்ய வேண்டும் என்பது தில்லி உயர் நீதிமன்றம் மே 9-இல் இட்ட ஆணை. 370 வீடுகளில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. பின்னர் இன்னும் சில சேர்ந்தன. அந்த மாற்று வீடுகள் நகரின் வட கோடியில், நரேலாவில். 1960களின் இறுதியிலிருந்து கேம்ப்பில் வேரூன்றி, ஜங்புரா வீடுகளில் சமைத்தும் பெருக்கியும் பிழைத்தவை இந்தத் தமிழ்க் குடும்பங்கள். பிள்ளைகளில் பலர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் லோதி எஸ்டேட் பள்ளியில் படித்தவர்கள். 1923-இல் பிறந்த அக்கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட நரேலாவில் இல்லை.

கேம்ப்பிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவுக்குள் எத்தனை அறிவுக்கூடங்கள்! தில்லிப் பல்கலைக்கழகத்திலும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் தமிழ் உண்டு. ஜாமியா மில்லியாவில் சமூகப்பணித் துறையும் சட்டப்புலமும் உண்டு. 1946-இல் தொடங்கிய தில்லி சமூகப்பணிப் பள்ளி களப்பணியைப் பாடத்தின் உயிராகவே வைத்திருக்கிறது. வடிகாலையும் வெள்ளத்தையும் கணக்கிட ஐ.ஐ.டி. இருக்கிறது. ஆனால் மதராசி கேம்ப் போன்ற ஓரிடத்துக்குத் தேவைப்படும் அறிவு எந்த ஒரு துறையிலும் முழுமையாக இல்லை.

தகுதிச் சோதனையை எடுத்துக்கொள்வோம். 2015-இன் தில்லி குடிசை மறுவாழ்வுக் கொள்கைப்படி, 2015 ஜனவரி 1-க்கு முன்பே அங்கே வாழ்ந்ததற்குக் காகிதச் சான்று வேண்டும். தமிழ்ப் பெயர் இந்திக்குப் போகும்போது எழுத்து மாறுவதைத் தில்லியில் வாழும் எந்தத் தமிழ்க் குடும்பமும் அறியும். வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் இன்னொன்று என்றால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிறுவ வேண்டும். அதற்குத் தமிழ் படித்தவரும் சட்ட மாணவரும் வீடு வீடாகச் செல்லத் தெரிந்த சமூகப்பணியாளரும் ஒரே திண்ணையில் உட்கார வேண்டும். சட்டக் கல்லூரிகள் சட்ட உதவி மையம் நடத்த வேண்டும் என்பது இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதி. அந்த மையத்துக்கு வருகிறவரின் மொழி புரியாவிட்டால் விதியால் பயன் என்ன?

இப்படித் துறைகளை ஒன்றுசேர்ப்பதைத்தான் ஆசிரியப் பயிற்சியின் கேள்வியாக நான் பார்க்கிறேன். 1986-இன் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு உருவாக்கிய கல்விப் பணியாளர் கல்லூரிகளில், வெவ்வேறு கல்லூரி விரிவுரையாளர்கள் நான்கு வாரம் கூடிப் பயின்றார்கள். வட்டாரக் கூட்டுறவுக்கு அதைவிட நல்ல விதை நம்மிடம் இருந்ததில்லை. அவற்றின் வாரிசுகளான மாளவியா பயிற்சி மையங்கள் 2023 முதல் இயங்குகின்றன. அங்கே நடக்கும் எட்டு நாள் இணையவழி வகுப்பின் கருப்பொருள்களில் ‘உயர்கல்வியும் சமூகமும்’ ஒன்று. திரையில் அதைக் கேட்டுவிட்டு எழுந்து போகும் ஆசிரியருக்குச் சமூகம் ஒரு தலைப்பாகவே நின்றுவிடும். மேற்சொன்ன மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, துறை கலந்த ஒரே குழுவாக ஆசிரியர்களைக் களத்தில் இறக்கும் நான்கு வாரங்களை மீண்டும் கொண்டுவர வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. 2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் ஐ.ஐ.டி. தில்லியின் ஒருங்கிணைப்பில் நடக்கிறது. பங்குபெறும் நிறுவனம் ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்கும். நல்ல திட்டம். ஆனால் விழுப்புரத்துக் கிராமத்திலிருந்து தில்லிக்கு வந்து குடிசையில் குடியேறிய குடும்பம், கிராமம் என்ற அந்த வரையறைக்கு வெளியே விழுந்துவிடுகிறது.

திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமத்திடம் இங்கே கற்க நிறைய இருக்கிறது. டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் ஊன்றிய அந்த அமைப்பிலிருந்து 1956-இல் கிராமிய நிறுவனம் முளைத்தது. 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. மாணவர் ஊருக்குள் தங்கி வருவது அங்கே பாடத்திட்டத்தின் பகுதி. உடன் செல்லும் ஆசிரியரும் ஊர்க்காரரிடம் பாடம் கேட்கிறார். துறைச்சுவர் அங்கே தானாகவே தாழ்கிறது. ஊரைவிட்டு வருவோரை அனுப்பும் மாநிலத்தின் பல்கலைக்கழகமும், அவர்கள் வந்து சேரும் நகரத்தின் பல்கலைக்கழகமும் ஒப்பந்தம் செய்துகொள்வது ஏன் அரிதாக இருக்க வேண்டும்? காந்திகிராமத்து ஆசிரியர் ஒரு பருவம் தில்லியிலும், தில்லி ஆசிரியர் ஒரு பருவம் திண்டுக்கல் பக்கத்திலும் பணியாற்றினால், இடப்பெயர்வின் இரு முனைகளையும் ஒருவரே காண்பார்.

மாற்று வீடுகள் உள்ள நரேலா வட்டாரத்தில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. பவானா சாலையில் தில்லித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாலைநேரத் தமிழ் வகுப்புக்கு ஓர் அறை, போக்குவரத்துக் கணக்கெடுப்புக்கு ஒரு மாணவர் குழு என இவ்விரண்டும் இப்பணியில் சேரலாம். வீடு கிடைத்தவர்களைத் தேடிப்போவது எளிது. அவர்களுக்கு முகவரி இருக்கிறது. தகுதிப் பட்டியலில் இடம்பெறாத குடும்பங்கள் எங்கே குடியேறின, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் ஊர் திரும்பினார்கள் என்பதை அவர்கள் ஒப்புதலோடு பதிவுசெய்வதே அந்த ஆசிரியர் குழுவின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.