பயணமும் தனிநடையும்: ஏ.கே. செட்டியாரின் கட்டுரைநடை உருவான வரலாறு

தமிழ்க் கட்டுரை இலக்கியத்தின் வரலாற்றை எழுதியோர் ‘தனிநடை’ என்னும் சொல்லைப் பெரும்பாலும் ஒரே பொருளில் ஆண்டுள்ளனர். எழுத்தாளரின் குரல் வாக்கியந்தோறும் ஒலித்தால் அது தனிநடை. ஒலிக்கவில்லையெனில் அது வெறும் செய்தி. இவ்வளவுகோலின்படி திரு.வி.க.வின் நடைக்கும் வ.ரா.வின் நடைக்கும் கல்கியின் நடைக்கும் உரைநடை வளர்ச்சி பற்றிய இயல்களில் இடம் கிடைத்தது. ஏ.கே. செட்டியாருக்கோ (1911–1983) பயண இலக்கியம் என்னும் தனி இயலின் தொடக்கத்தில் ஓர் இருக்கை ஒதுக்கப்பட்டது. அங்கு அவர் சென்ற நாடுகளும் எழுதிய நூல்களும் பட்டியலிடப்படுகின்றன. நடை பற்றிய குறிப்பு ‘எளிமையானது’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறது. அவ்வெளிமை எங்கிருந்து வந்தது, அது இயல்பா பயிற்சியா என்னும் வினாக்கள் போதிய அளவில் எழுப்பப்படவில்லை. செட்டியாரின் நடை அவர் மேற்கொண்ட பயணங்களால் உருவானது. அப்பயணங்களில் அவர் கண்டுகொண்ட ‘தான்’, முன்னிற்கும் ‘நான்’ அன்று. அக்காரணத்தாலேயே அந்நடை தனிநடை எனப்படாமற்போயிற்று.

யாத்திரை உரைநடையின் மரபு

வழிச்செல்வோன் தன் அனுபவத்தைப் பிறருக்குக் கூறுதல் தமிழில் பழைய மரபு. ஆற்றுப்படையில் பரிசில் பெற்று மீள்பவன், பெறாதவனுக்கு வழிகூறுகிறான். அங்குப் பேசுவோனின் தன்வரலாறு சிறிதளவே இடம்பெறும். வழியும் நிலமும் வள்ளலுமே பொருள். அச்சு நூல்கள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இவ்வியல்பு முற்றிலும் மாறிவிடவில்லை. கோயம்புத்தூர் சே.ப. நரசிம்மலு நாயுடுவின் ஆரிய திவ்விய தேச யாத்திரையின் சரித்திரம் (1889) வட இந்தியப் பயணத்தைத் தமிழ் வாசகர்க்கு விளக்கிய நூல். அடுத்துச் செல்வோருக்கு உதவ வேண்டும் என்னும் நோக்கம் அதனுள் உறுதியாக உண்டு.

சூரத்துக் காங்கிரசுக்குச் சென்றுவந்த பாரதி 1908இல் வெளியிட்ட ‘எங்கள் காங்கிரஸ் யாத்திரை’ இம்மரபிலிருந்து விலகியது. தலம் பின்னே சென்று அரசியல் முன்னே வந்தது. தலைப்பில் உள்ள ‘எங்கள்’ என்னும் தன்மைப் பன்மை ஒரு தனியாளைக் குறிக்கவில்லை. ஓர் அரசியல் அணியைக் குறித்தது. பயணம் செய்தவர் யார் என்பதற்குத் தமிழ் உரைநடை அளித்த புதிய விடைகளுள் இது ஒன்று. யாத்திரிகன் என்ற பழைய அடையாளம் தளர்ந்தபின் அவ்விடத்தில் எவரை நிறுத்துவது என்பது பின்வந்த பயணக் கட்டுரையாளர் ஒவ்வொருவரும் எதிர்கொண்ட சிக்கலாகும்.

கப்பலும் கருவியும்

செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்த செட்டியாருக்குக் கடற்பயணம் குடிவழி வந்த பழக்கம். நகரத்தார் வணிகத்தின் பொருட்டுப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் தலைமுறை தலைமுறையாகச் சென்றவர்கள். செட்டியாரும் இளமையில் இரங்கூன் சென்றார். ஆனால் அங்கு அவர் கைக்கொண்டது ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியப் பணி. வணிகர் சென்ற தடத்தில் எழுத்தாளராகச் சென்றவர் அவர். நகரத்தாரின் கணக்கெழுதும் ஒழுங்கு, அதாவது நாள், இடம், அளவு ஆகியவற்றைப் பிழையின்றிக் குறித்து மேலுரை எழுதாமல் விடும் பழக்கம், அவர் வாக்கியங்களில் படிந்துள்ளது என்று கருத இடமுண்டு. இக்கருத்தைப் பெரிதும் நீட்டிவிடலாகாது. அதே குடிவழியில் வந்து, உலகப் பயண நூல்களும் மாவட்ட வரிசை நூல்களும் எழுதிய சோமலெயின் நடை, தகவல்களை நிரல்பட அடுக்கிச் செல்வது. செட்டியாரின் நடையோ அவற்றை வடிகட்டுவது. குடிவழி மட்டும் நடையை விளக்கிவிடாது.

இன்னும் வலுவான காரணம் அவர் பெற்ற ஒளிப்படப் பயிற்சி. 1930களின் நடுப்பகுதியில் ஜப்பானுக்குச் சென்று ஒளிப்படக் கலை பயின்றார். பின்னர் நியூயார்க்கிலும் பயின்றார். ஒளிப்படக்காரன் சட்டகத்தைத் தேர்கிறான். எதை உள்ளே கொள்வது, எதை விலக்குவது என முடிவுசெய்கிறான். அம்முடிவில் அவனது ஆளுமை முழுவதும் இருக்கிறது. ஆயினும் படத்தினுள் அவன் இல்லை. செட்டியாரின் பயணக் கட்டுரைகளை இப்பின்னணியில் வாசிக்கும்போது பல கூறுகள் தெளிவாகின்றன. வருணனை குறைவு; அடைமொழிகள் அதனினும் குறைவு. சிறுசிறு வாக்கியங்கள். ஒரு நாட்டைப் பற்றிய பொதுக்கருத்துக்குப் பதிலாக, அந்நாட்டில் எதிர்ப்பட்ட எளிய மனிதர் ஒருவரோடு நிகழ்ந்த உரையாடல். நகைச்சுவை உண்டு, அது நிகழ்ச்சியிலிருந்தே எழுகிறது, ஆசிரியர் கூற்றிலிருந்தன்று.

தமிழின் இலக்கண அமைப்பும் இதற்குத் துணைசெய்தது. தன்மை ஒருமை வினைமுற்றின் விகுதியே எழுவாயைச் சுட்டிவிடுவதால், ‘சென்றேன்’, ‘கேட்டேன்’ என்றெழுதினால் போதும். ‘நான்’ என்னும் சொல்லே வேண்டுவதில்லை. எழுவாய் தோன்றா எழுவாயாகிறது. இவ்வசதி எல்லாத் தமிழ் எழுத்தாளர்க்கும் பொது. ஆனால் 1930களின் இதழியல் கட்டுரையில், குறிப்பாக நகைச்சுவைக் கட்டுரையில், ‘நான்’ ஒரு கதைமாந்தராகவே வளர்ந்துகொண்டிருந்தது. வாசகர் அதனை விரும்பினர். அக்காலத்திலேயே எழுதத் தொடங்கிய செட்டியார் அவ்வழியில் செல்லவில்லை. விகுதியளவில் நின்றுகொள்வதே அவர் தேர்வாயிற்று.

தலைப்பில் உள்ள ‘தமிழன்’

1940இல் வெளியான ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்னும் நூற்பெயர் மிகவும் பழகிப்போனதால் அதன் அமைப்பு கவனிக்கப்படுவதில்லை. தம் பயணத்தைக் கூறும் ஆசிரியர் தம்மைப் படர்க்கையில் வைத்துப் பெயரிடுகிறார். அப்பெயரும் இயற்பெயரன்று, ஓர் இனப்பெயர். பாரதியின் ‘எங்கள்’ ஓர் அரசியல் அணியைச் சுட்டியதென்றால், செட்டியாரின் ‘தமிழன்’ வெளிநாட்டில் மட்டுமே முழுப்பொருள் பெறும் ஓர் அடையாளத்தைச் சுட்டுகிறது. ஊரில் இருக்கும்வரை ஒருவர் கோட்டையூரார், நகரத்தார், இன்னார் மகன். இரங்கூனிலோ டர்பனிலோ இறங்கும்போதுதான் அவர் தமிழர் ஆகிறார்.

1860 முதல் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களுள் தமிழர் கணிசமானோர். அவர்தம் வழித்தோன்றல்கள் வாழ்ந்த தென்னாப்பிரிக்காவுக்கும், பிற்காலத்தில் கரிபியன் தீவுகளுக்கும் கயானாவுக்கும் செட்டியார் சென்றார். ‘கரிபியன் கடலும் கயானாவும்’, ‘கயானா முதல் காஸ்பியன் கடல் வரை’ ஆகிய நூற்பெயர்களே அவர் கண் சென்ற திசையைக் காட்டும். பயணத்தில் தன்னை அறிதல் என்பதற்கு இங்கு அகநோக்கு என்று பொருள் கொள்ள இயலாது. தன்னைப் போன்ற பெயருடையோரைத் தொலைவில் கண்டு, அவ்வழியே தன்னை அறிதல் அது. அத்தகைய அறிதலை எழுதுவோர் தம் உணர்ச்சியை முன்வைத்தால் எதிரில் நிற்பவர் மறைந்துவிடுவார். செட்டியாரின் நடைக்கட்டுப்பாட்டுக்கு இந்த அறக் காரணமும் உண்டு.

காந்தியமா, கருவியா?

1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிச் சென்ற ‘சமாரியா’ கப்பலில் காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் செட்டியாருக்குத் தோன்றியது. அவருக்கு அப்போது வயது இருபத்தாறு நிறையவில்லை. தொடர்ந்து ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்து, முப்பது ஆண்டுக் காலத்தில் பலரால் எடுக்கப்பட்டிருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். திரட்டப்பட்டது சுமார் 50,000 அடி என்றும், 1940இல் திரையிடப்பட்ட தமிழ்ப் படம் 12,000 அடி என்றும் கணக்கிடப்படுகிறது. வாழ்க்கையின் திருப்புமுனையான அக்கப்பல் நிகழ்ச்சியை வேறு எவரேனும் ஞானோதயக் காட்சியாக விரித்திருப்பர். செட்டியாரோ நாளையும் கப்பலின் பெயரையும் குறித்து, செய்தியைச் சொல்லி, அடுத்துச் செய்த வேலைக்குச் சென்றுவிடுகிறார்.

இந்த அடக்கத்தைக் காந்தியத் தாக்கம் என்று கூறி அமைவது எளிது. அவ்விளக்கம் போதாது என்பதற்கு ஓர் ஒப்பீடு உதவும். மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டு குஜராத்தியில் எழுதிய காகா காலேல்கர் (1885–1981), காந்தியடிகளின் ஆசிரமத்திலேயே வாழ்ந்தவர். அவர் 1912இல் மேற்கொண்ட இமயப் பயணத்தைப் பற்றிய நூல் 1924இல் வெளியாயிற்று. குஜராத்திப் பயண இலக்கியத்தில் அதற்குத் தனியிடம் உண்டு. காலேல்கரின் நடை கவித்துவமானது. மலையும் ஆறும் விண்மீனும் அவர் உள்ளத்தோடு உறவாடுகின்றன. இயற்கையைக் காணுந்தோறும் பண்பாட்டு நினைவும் தன்னுணர்வும் பெருகுகின்றன. இருவரும் காந்தியரே, இருவரையும் எழுத்தாளராக்கியதில் பயணத்துக்குப் பெரும்பங்குண்டு. ஆயினும் ஒருவரிடம் ‘தான்’ விரிகிறது, மற்றவரிடம் ஒடுங்குகிறது. துறவு நாடி மலையேறியவர் தன்னைப் பற்றி மிகுதியாகவும், படச்சுருள் நாடி உலகைச் சுற்றியவர் தன்னைப் பற்றிக் குறைவாகவும் எழுதியது வியப்பே. பயணத்தில் எதைத் தேடினர் என்பது நடையைத் தீர்மானித்திருக்கிறது. காலேல்கர் தேடியது அனுபவம். செட்டியார் தேடியது சான்று. அச்சான்றும் பெரும்பகுதி பிறர் கண்டு பதிந்தது.

தொகுப்போனின் நடை

பிறர் எடுத்த சுருள்களிலிருந்து ஒரு படத்தை உருவாக்கிய அப்பயிற்சி அவரது எழுத்துவாழ்வின் பிற்பகுதி முழுவதையும் வடிவமைத்தது. 1943இல் அவர் தொடங்கிய ‘குமரி மலர்’ காலப்போக்கில் பழைய இதழ்களிலும் நூல்களிலும் புதைந்துகிடந்த எழுத்துகளை மறுபதிப்புச் செய்யும் அரிய ஆவணக் களமாயிற்று. 1968இல் வெளியிட்ட ‘தமிழ்நாடு: பயணக் கட்டுரைகள்’ என்னும் தொகுப்பில், தமக்கு முன்னோர் தமிழகத்துள் செய்த பயணங்களின் பதிவுகளைத் திரட்டி அளித்தார். உலகைச் சுற்றியவர் தம் நாட்டைக் காட்ட விரும்பியபோது பிறர் கண்களையே நாடினார். ‘குடகு’ போன்ற நூலை எழுதிய கைக்கு அது இயலாத வேலையன்று. விரும்பி மேற்கொண்ட விலகல் அது.

மூன்றாண்டுகள் கழித்து, 1971இல், தி. ஜானகிராமனும் சிட்டியும் எழுதிய ‘நடந்தாய் வாழி, காவேரி’ வெளிவந்தது. நாவலாசிரியரின் செவியும் சுவையும் பயணக் கட்டுரைக்குள் புகுந்து, உடன்செல்வோரின் பேச்சும் இசையும் உணவும் ஆற்றோடு கலந்தோடும் நூல் அது. பயணக் கட்டுரையில் தனிநடை என்றதும் திறனாய்வாளர் பலர் அந்நூலையே சுட்டுவதில் தவறில்லை. தவறு, அது ஒன்றே வழியெனக் கொண்டு மற்றதை நடையற்ற எளிமை என ஒதுக்கியதில் உள்ளது. செட்டியாரின் ஒரு பத்தியில் அடைமொழி ஒன்றைச் சேர்த்துப் பார்ப்போர், அது அங்கு ஒட்டாமல் துருத்தி நிற்பதை உணர்வர்.

காந்திப் படத்தின் தமிழ் வடிவம் பின்னர்ப் பல்லாண்டுகள் எவர் பார்வைக்கும் கிட்டவில்லை. அமெரிக்காவில் தேடிக் கண்டெடுக்கப்பட்டது 1953ஆம் ஆண்டின் ஆங்கில வடிவமே. அப்படத்திற்காக மேற்கொண்ட பயணங்களை அறிய, செட்டியார் ‘குமரி மல’ரில் எழுதிய கட்டுரைகளே முதன்மைச் சான்றாயின. அவர் வாழ்நாளில் அவை நூலாகவில்லை. அவர் மறைந்து இருபதாண்டுகள் சென்றபின், 2003இல், ஆ. இரா. வேங்கடாசலபதி அவற்றைத் தொகுத்து ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் பெயரில் பதிப்பித்தார்.