தேருக்கு முட்டுக்கட்டை, காருக்கு ஜாக்கி

சித்திரைத் தேர் மாசி வீதியில் திரும்பும்போது கூட்டம் வடத்தைப் பார்க்கும். நான் சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்களைத்தான் பார்ப்பேன். அவ்வளவு எடையையும் நிறுத்துவதும் திருப்புவதும் அந்த முட்டுக்கட்டைதான். மாட்டுவண்டிக்கு மை போடும்போதும் அப்படித்தான்: தூக்குறது ஆள், தாங்குறது முட்டு.

கார் வந்ததும் முட்டு மறந்துபோய் ஜாக்கி மட்டும் மிஞ்சியது என்பது என் கணிப்பு. அம்பாசிடரின் பின்பக்கம் கனத்த ஆக்சில்; அதன் அடியில் ஜாக்கி கொடுத்தால் தாங்கும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. இந்த மாதிரிச் சின்னக் கார்களுக்குக் கதவுக்குக் கீழே, தகடு மடிந்து தடித்த விளிம்பில்தான் ஜாக்கி வைக்கும் இடம். பழைய பழக்கத்தில் தரைத்தகட்டில் வைத்தால் குழி விழும். செகண்ட்ஹேண்ட் கார் பார்க்கப் போனா குனிஞ்சு பாருங்க, தெரியும்.

திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் ஜாக்கி மண்ணில் இறங்கும். அடியில் பலகை வேண்டும். வாசல் சரிவில் தூக்கவே கூடாது. ஹேண்ட்பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். அதில் ஒன்றைத் தூக்கினால் பிடி பாதியாகிவிடும். அதனால் முன்சக்கரங்களுக்குத் தேர்க்காரர் மாதிரி இரண்டு பக்கமும் கட்டை. வண்டிக்கு அடியில் போகணும்னா ஸ்டாண்டு வாங்கிடுங்க. செங்கல் அடுக்குறது முட்டு இல்லை, திடீர்னு நொறுங்கிடும்.