பிளாஸ்மிட் டி.என்.ஏ. பிரித்தெடுத்தல்

பாக்டீரியா செல்லுக்குள் குரோமோசோமைச் சாராமல் தானாகப் பெருகும் சிறிய டி.என்.ஏ. மூலக்கூறு பிளாஸ்மிட் எனப்படும். பெரும்பாலும் இது வட்ட வடிவில் இருக்கும். விரும்பிய மரபணுவை இதில் இணைத்து ஈ.கோலை பாக்டீரியாவில் செலுத்தி வளர்த்தால், மரபணுவும் சேர்ந்து பெருகும். பிறகு அந்தப் பிளாஸ்மிட்டை மட்டும் தூய்மையாக மீட்டெடுக்க வேண்டும்.

மீட்பதில்தான் சிக்கல். ஈ.கோலையின் குரோமோசோம் ஏறத்தாழ 46 லட்சம் நியூக்ளியோடைடு இணைகள் நீளமானது. பெயர்பெற்ற பிளாஸ்மிட்டான பி.பி.ஆர்.322 வெறும் 4,361 இணைகள் கொண்டது. வேதியியலில் இரண்டும் ஒரே பொருள் என்பதால், அளவையும் வடிவத்தையும் கொண்டே அவற்றைப் பிரித்தாக வேண்டும். 1967இல் ராட்லாஃப், பாயர், வினோகிராட் ஆகியோர் சீசியம் குளோரைடுடன் எத்திடியம் புரோமைடு சாயத்தைச் சேர்த்து, அதிவேக மையவிலக்கியில் நெடுநேரம் சுழற்றிப் பிரித்தனர். மிகத் தூய்மையான டி.என்.ஏ. கிடைத்தது, ஆனால் செலவும் நேரமும் கூடுதல். 1979இல் பிர்ன்பாய்ம், டோலி இருவரும் வெளியிட்ட காரச் சிதைப்பு முறை இந்த வேலையைச் சாதாரண மேசை மையவிலக்கிக்குக் கொண்டுவந்தது. இன்றைய ஆய்வகங்களின் 'மினிபிரெப்' பெரும்பாலும் இதன் வழிவந்ததே.

ஆம்பிசிலின் போன்ற எதிர்உயிரி கலந்த ஊடகத்தில், 37 டிகிரி செல்சியஸில், 12 முதல் 16 மணி நேரம் குலுக்கியபடி பாக்டீரியா வளர்க்கப்படுகிறது. பிளாஸ்மிட்டை இழந்த செல்கள் பெருகிவிடாமல் எதிர்உயிரி தடுக்கிறது. செல்களை மையவிலக்கியில் படியவைத்து, ஈ.டி.டி.ஏ. கொண்ட முதல் கரைசலில் கலக்கிவிடுவர். டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகளுக்கு மெக்னீசியம் தேவை, ஈ.டி.டி.ஏ. அதைப் பற்றிக்கொள்கிறது. ஆர்.என்.ஏ.வை அழிக்கும் நொதியும் பெரும்பாலும் இதிலேயே இருக்கும்.

முறையின் உயிர்நாடி இரண்டாம் கரைசல். அதில் 0.2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடும், 1 சதவீத சோடியம் டோடெசில் சல்பேட்டும் உண்டு. செல்சவ்வு கரைகிறது, பி.எச். 12ஐத் தாண்டியதும் டி.என்.ஏ. இழைகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுகின்றன. குரோமோசோமின் இரு இழைகள் பிரிந்துவிடுகின்றன. பிளாஸ்மிட்டின் இழைகளோ சங்கிலிக் கண்ணிகள்போல் ஒன்றுக்குள் ஒன்று கோக்கப்பட்ட மூடிய வளையங்கள். பிணைப்பு அறுந்தாலும் அவை விலகிப்போக வழியில்லை. இங்கே அவசரமும் கூடாது, தாமதமும் கூடாது. வேகமாகக் குலுக்கினால் குரோமோசோம் துண்டாகிப் பிளாஸ்மிட்டுடன் கலந்துவிடும். எனவே குழாயை மெல்லத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். 5 நிமிடத்துக்கு மேல் விட்டால் பிளாஸ்மிட்டும் மீளமுடியாதபடி உருக்குலையும். சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து வலுவிழக்கும் என்பதால், திறந்து கிடந்த பழைய கரைசலை நம்பக்கூடாது.

மூன்றாவதாக அமிலத்தன்மையுள்ள பொட்டாசியம் அசிட்டேட் சேர்த்ததும் காரம் நடுநிலையாகிறது. அருகருகே இருந்த பிளாஸ்மிட் இழைகள் உடனே சரியாக இணைகின்றன. நீண்ட குரோமோசோம் இழைகள் துணையைத் தேடமுடியாமல் சிக்கலாகி, புரதங்களோடும் பொட்டாசியம் டோடெசில் சல்பேட்டின் வெண்திரளோடும் சேர்ந்து படிந்துவிடும். மேலே நிற்கும் தெளிந்த நீரில் பிளாஸ்மிட் இருக்கும்.

அதை எத்தனால் கொண்டு வீழ்படிவாக்கலாம். விற்பனைப் பெட்டிகளில் சிலிக்கா சவ்வு பயன்படுகிறது. குவானிடின் உப்புச் செறிவில் டி.என்.ஏ. அதில் ஒட்டும், எத்தனால் கலந்த கரைசலால் கழுவியபின், உப்புக் குறைந்த கரைசலில் விடுபடும். எத்தனால் தங்கினால் அடுத்து வரும் நொதி வினைகள் கெடும். ஆகவே சவ்வை நன்கு உலர்த்துவது அவசியம்.

தூய்மையை அளக்க 260, 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலின் விகிதம் பார்க்கப்படுகிறது, 1.8 அளவில் இருந்தால் நன்று. ஆனால் அந்த எண் குரோமோசோம் கலப்பைக் காட்டாது. அகரோஸ் கூழ்மத்தில் ஓட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. முறுக்கேறிய பிளாஸ்மிட் வேகமாக முன்னே ஓடும். ஓரிழை அறுந்த வளையம் பின்தங்கும்.

மனிதருக்குச் செலுத்தும் பிளாஸ்மிட்டில் பாக்டீரியா நச்சான எண்டோடாக்சினையும் நீக்கியாக வேண்டும். 2021 ஆகஸ்டில் இந்தியாவில் அவசரகால ஒப்புதல் பெற்ற 'சைகோவ்-டி', மனிதருக்கு ஒப்புதல் கிடைத்த முதல் பிளாஸ்மிட் டி.என்.ஏ. தடுப்பூசியாகும்.