மகிழினி

மகிழினி என்பது, பெண்ணொருத்திக்கும் மற்றொரு பெண்ணுக்கும் இடையே அரும்பும் காதலைப் பொருளாகக் கொண்டு 2021ஆம் ஆண்டின் இறுதியில் காணொளியாக வெளிவந்த தமிழ்த் தனிப்பாடலாகும். திரைப்படம் எதனையும் சாராத இப்பாடலை மதன் கார்க்கி எழுத, '96' படத்தின் சங்கீதத்தால் பிரசித்தி பெற்ற கோவிந்த் வசந்தா இசையமைக்க, வி. ஜி. பாலசுப்பிரமணியன் காட்சிப்படுத்தினார். கௌரி கிஷனும் அனகாவும் பரதநாட்டியம் பயிலும் பெண்களாக நடித்தனர்.

காதலுக்குக் களமாக நாட்டியத்தைத் தேர்ந்தது பொருத்தமான யுக்தி. நாயகி தன் விரகதாபத்தைச் சகியிடம் முறையிடுவதும், சகி நாயகனிடம் தூது செல்வதும் பரதநாட்டியப் பதங்களில் நெடுங்காலச் சம்பிரதாயமாதலின், சகியே நேசத்துக்குரியவளாகிவிடும் இக்கதை, அந்தச் சிருங்கார மரபுக்கு அந்நியமாகத் தோன்றாமல் அதனுள்ளிருந்தே கிளைத்ததுபோல் அமைந்துவிடுகிறது. ஆயினும், இருவரும் தம் உள்ளத்தைப் பெற்றோரிடம் வெளியிடும் கட்டத்தையே கதையின் பிராணன் எனல் வேண்டும்.

இவ்விடத்தில், இவ்வகைப் பாடல்களுள் உலகப் பிரசித்தமானதும், பிரிட்டனைச் சேர்ந்த பிரான்ஸ்கி பீட் குழுவினர் 1984இல் வெளியிட்டதுமான 'ஸ்மால்டவுன் பாய்' நினைவுக்கு வருவது இயல்பே. ஆணை விரும்பும் இளைஞன் ஒருவன் சிற்றூரின் வசையும் அடியும் தாளாது ரயிலேறிச் செல்லும் அக்கதையில், தந்தை வழிச்செலவுக்குப் பணம் தந்து, மகன் நீட்டிய கையை மட்டும் பற்ற மறுத்துவிடுகிறார். கிளாஸ்கோவில் பிறந்த ஜிம்மி சாமர்வில்லின் உச்சஸ்தாயிக் குரலில் ஒலித்த அப்பாட்டு பிரிட்டிஷ் தரவரிசையில் 3ஆம் இடத்தை எட்டியது. ஆங்கிலப் பாட்டு வீட்டைத் துறந்து போகிறது. தமிழ்ப் பாட்டோ வீட்டாரிடமே நியாயம் கேட்கிறது. குடும்பத்தை விட்டொழித்த வாழ்வைக் கற்பனை செய்யத் தமிழ் மனம் எளிதில் துணிவதில்லை என்பதே இதற்குக் காரணம் போலும்.

நடைமுறை வாழ்வு பாட்டைப்போல் அவ்வளவு இணக்கமாக இருக்கவில்லை. பாடல் வெளியான அதே ஆண்டில், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்கள், காணாமற்போனோர் புகார்களின்பேரில் போலீசார் தம்மைத் துன்புறுத்தாதிருக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். வழக்கை விசாரித்த நீதியரசர் ந. ஆனந்த் வெங்கடேஷ், இவ்விஷயத்தில் தமக்குப் போதிய தெளிவில்லை என்று வெளிப்படையாகக் கூறி மனோதத்துவ நிபுணரிடம் தாமே ஆலோசனை பெற்றது நம் நீதிமன்றங்களில் அபூர்வமான செய்கை. 2021 ஜூன் 7ஆம் தேதிய உத்தரவில், ஒருபாலீர்ப்பைச் சிகிச்சையால் 'குணப்படுத்த' முயல்வதை அவர் தடைசெய்தார். தேடப்படுவோர் வயதுவந்தவர்களாய், தம் இச்சைப்படியே சேர்ந்து வாழ்பவர்களாய் இருப்பின் புகாரைத் துன்புறுத்தலின்றி முடித்துவிட வேண்டுமென்றும் பணித்தார்.

நீதிமன்றம் ஒருபுறமிருக்க, விழுப்புரம் வட்டாரத்தார்க்கு வீடு துறந்தோரின் பாட்டு புதிதன்று. 2019 வரை அம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கூவாகத்தில், சித்திரைதோறும் கூத்தாண்டவராகிய அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர், மறுநாள் தாலியறுத்து எழுப்பும் ஒப்பாரியில் அரவானின் மரணத்தோடு தம்மைக் கைவிட்ட பிறந்தகத்தின் துயரமும் கலந்தே ஒலிப்பதாகக் கேட்போர்க்குத் தோன்றும். அவர்களுடைய பாடும் இரு பெண்களின் காதலும் வெவ்வேறாயினும், வாசற்கதவு இரு சாராருக்கும் ஒன்றே.

2025 மே மாதத்தில், குடும்பத்தாரால் அடைத்துவைக்கப்பட்ட பெண்ணொருத்தியை மீட்க அவள் தோழி தொடுத்த ஆட்கொணர்வு மனுவில், சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர்கள் ஜி. ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், குடும்பம் அமைத்தற்கு விவாகம் ஒன்றே வழியன்று எனக் கூறி, அப்பெண் தான் விரும்பியவருடன் செல்ல அனுமதித்தனர்.