மார்பகப் புற்றுநோய்: அப்பா வழி உறவையும் கேட்டறிவோம்

தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வந்தால் மகளுக்கும் கட்டாயம் வரும் என்று பலர் அஞ்சுகிறார்கள். தாய்வழியில் யாருக்கும் இல்லையென்றால் தமக்கு வராது என்று வேறு பலர் நம்புகிறார்கள். இரண்டும் தவறு.

மார்பகப் புற்றுநோயில் சுமார் 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே பரம்பரையாக வரும் மரபணுப் பிறழ்வால் ஏற்படுகிறது. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 ஆகியவை இதில் முக்கியமானவை. 1994, 1995ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்ட இவ்விரு மரபணுக்களும் எல்லார் உடலிலும் உள்ளன. உயிரணுக்களில் சேதமடையும் டிஎன்ஏவைச் சரிசெய்வதே இவற்றின் வேலை. பிறழ்வு இருந்தால் அந்த வேலை கெடுகிறது. இப்பிறழ்வுள்ள பெண்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது. சினைப்பைப் புற்றுநோய் அபாயமும் கூடுகிறது.

இப்பிறழ்வு தந்தையிடமிருந்தும் வரலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 விழுக்காடு வாய்ப்புண்டு. எனவே பெரியம்மா, சின்னம்மாவோடு அத்தையையும் அப்பாவின் தாயாரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 50 வயதுக்கு முன் நோய் கண்டவர், சினைப்பைப் புற்றுநோய் கண்டவர், மார்பகப் புற்றுநோய் வந்த ஆண் என யாராவது குடும்பத்தில் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மரபணுச் சோதனையை, முடிந்தால், நோய் கண்டவருக்கே முதலில் செய்வது நல்லது.

பரம்பரைக்கு அப்பால் வாழும் சூழலும் சேர்கிறது. மது, மாதவிடாய் நின்றபின் கூடும் உடல் எடை, இளவயதில் மார்பில் பெற்ற கதிர்வீச்சுச் சிகிச்சை ஆகியவை அபாயத்தைக் கூட்டுகின்றன. கொசு ஒழிப்புக்கு ஒரு காலத்தில் தெளிக்கப்பட்ட டிடிடியும் சந்தேகப் பட்டியலில் உள்ளது. தாய் வயிற்றில் இருந்தபோது அதிக டிடிடி பட்ட மகள்களுக்கு இந்நோய் ஏறக்குறைய 4 மடங்கு கூடுதலாக வந்ததாக 2015இல் வெளியான கலிபோர்னியா ஆய்வு காட்டியது. எல்லாப் பூச்சிமருந்துக்கும் இது பொருந்தும் என நிறுவப்படவில்லை. ஆயினும் தோட்டத்தில் மருந்து தெளிப்போர் கையுறை, முகக்கவசம் அணிவதும், வேலை உடையைத் தனியாகத் துவைப்பதும் அவசியம்.

நோய் காண்பவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்ப வரலாறே இருப்பதில்லை. ஆகவே கட்டி, காம்பில் இரத்தக் கசிவு, தோல் சுருக்கம் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும், வெட்கத்தை ஒதுக்கிவிட்டு உடனே அரசாங்க சுகாதார கிளினிக்குக்குச் செல்ல வேண்டும். தொடக்கத்திலேயே கண்டால் குணமாகும் வாய்ப்பு அதிகம்.