சீரியல் போர்ட்டின் நெடுவாழ்வு

1990-களில் செய்யப்பட்ட கணினிப் பெட்டியின் பின்புறத்தில் விசைப்பலகைக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று எனத் தனித்தனி வடிவமும் ஊசி எண்ணிக்கையும் கொண்ட போர்ட்டுகள், அதாவது கேபிளைச் செருகுவதற்கான இணைப்பு வாய்கள், வரிசையாக அமைந்திருந்தன. இவற்றுள் மிகப் பழையது சீரியல் போர்ட். அது மேசைக் கணினிக்காகப் பிறந்ததன்று.

கணினித் தகவலைத் தொலைபேசிக் கம்பியில் செல்லத்தக்க ஒலியாக மாற்றி, மறுமுனையில் மீட்டெடுக்கும் கருவியே மோடம். அதனோடு டெலிபிரிண்டர் முதலிய முனையங்களை இணைக்கும் முறையை ஒழுங்குபடுத்த, 1960-இல் அமெரிக்காவின் மின்னணுத் தொழில்துறைச் சங்கம் ஆர்எஸ்-232 என்ற தரநிலையை வெளியிட்டது. நெடுங்காலம் நிலைத்த அதன் சி வடிவம் 1969-இல் வந்தது. இம்முறையில் தகவல், ஒரே கம்பியில் ஒரு பிட்டின் பின் மறு பிட்டாகச் செல்கிறது. ‘A’ என்னும் எழுத்தை அனுப்ப வேண்டுமெனில், அதுவரை எதிர்மின்னழுத்தத்தில் நின்ற கம்பி நேர்மின்னழுத்தத்துக்கு மாறித் தொடக்கத்தை அறிவிக்கும். பின்னர் அவ்வெழுத்துக்குரிய 65 என்ற எண்ணின் எட்டு பிட்டுகள் 1, 0, 0, 0, 0, 0, 1, 0 எனக் கடைநிலை பிட் முதலாகச் சென்று, இறுதியில் ஒரு நிறுத்த பிட்டோடு முடியும். இவ்வாறு ஓர் எழுத்துக்குப் பத்து பிட்டுகள் செலவாவதால், வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் 960 எழுத்துகள் செல்லும். அனுப்ப ஒன்றுமில்லாத வேளையிலும் கம்பியை 1 என்ற நிலையில் வைத்திருக்கும் வழக்கம் தந்தி மரபிலிருந்து வந்தது. ஓய்விலும் மின்னோட்டம் இருந்தால்தான் கம்பி அறுந்தது உடனே தெரியவரும்.

தரநிலை 25 ஊசிகளுக்கு இடம் வைத்திருந்தபோதிலும், அனுப்ப ஒன்று, பெற ஒன்று, பொதுத் தரை ஒன்று என மூன்று கம்பிகளே பல வேலைகளுக்குப் போதுமானவையாக இருந்தன. ஐபிஎம் நிறுவனம் 1984-இல் வெளியிட்ட ஏடி கணினியில் ஊசிகளை ஒன்பதாகக் குறைத்தபோது, 25 ஊசி அமைப்பில் அனுப்பும் கம்பியாக இருந்த இரண்டாம் ஊசி பெறும் கம்பியாகவும், மூன்றாம் ஊசி அனுப்பும் கம்பியாகவும் இடம் மாறின. கேபிளைத் தாமே பற்றவைத்துச் செய்தவர்களுக்கு இம்மாற்றம் தீராத் தொல்லையாயிற்று.

அச்சுப்பொறிக்கு உரிய பேரலல் போர்ட் எட்டு பிட்டுகளையும் எட்டுக் கம்பிகளில் ஒருசேர அனுப்பியது. இம்முறை, 1970-இல் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த அச்சுப்பொறியிலிருந்து பரவியது. நிரல் எழுதிய எண் அப்படியே ஊசிகளில் மின்னழுத்தமாகத் தோன்றியமையால், எல்இடி விளக்குகளையும் மோட்டார்களையும் கணினியால் இயக்கிப் பார்க்க விரும்பிய பொறியியல் மாணவர்களுக்கு அதுவே மலிவான ஆய்வுக்கூடமாக அமைந்தது.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது, கணினிக்கு வெளியே வைக்கப்படும் மோடங்கள் சீரியல் போர்ட்டின் வழியாகவே இணைந்தன. மறு ஆண்டிலேயே, எல்லாக் கருவிகளுக்கும் ஒரே வாய் என்ற நோக்கோடு யுஎஸ்பி தரநிலை வெளிவந்தது. 1998-இல் ஆப்பிளின் ஐமேக் பழைய போர்ட்டுகளை முற்றாகக் கைவிட்டது. பயனருக்கு இது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. ஆயினும், செருகப்பட்ட கருவி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதும், அதற்குரிய டிரைவர் என்னும் இயக்க நிரல் அதை ஏற்பதும் திரைக்குப் பின்னால் நிகழத் தொடங்கியதால், கம்பியில் நடப்பதை மின்னழுத்தமானி கொண்டு கண்டறிந்த பழைய எளிமை மறைந்தது. பழைய போர்ட்டுகள் மீது பலர் இன்றும் கொண்டுள்ள பற்றுக்கு அந்த வெளிப்படைத்தன்மையே தக்க காரணம். அதை வெறும் இளமைக்கால ஏக்கம் என்று ஒதுக்குவது சரியன்று.

நெட்வொர்க் ஸ்விட்ச்சுகளும் ஆய்வகக் கருவிகளும் இன்றும் சீரியல் முறையில் பேசுகின்றன. ஆகவே, சீரியல் போர்ட் இல்லாத மடிக்கணினியோடு அவற்றைப் பழுதுபார்க்கச் செல்லும் பொறியாளர், யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் கேபிள் ஒன்றைத் தம் பையில் வைத்திருக்கிறார்.